புரூல் கிழித்த விரிப்புகள்

மலையூரான கோக்-பெல்லின் ராணுவ ஆஸ்பத்திரிக்குத் தலைமை மருத்துவர்கள் வருவார்கள், போவார்கள். ஆட்சி நடத்தியது என்னவோ துணிக்கிடங்கு புரூல்தான். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, நோயாளிகள் போட்டுக்கொள்ளும் நீல அங்கி, எல்லாம் அவள் பொறுப்பு. அவையெல்லாம் சர்க்கார் சொத்து என்று முத்திரை சொல்லும். புரூலின் முகம் வேறு மாதிரி சொல்லும். பூட்ஸ் காலோடு கட்டிலில் சாய்ந்த ஒரு லெப்டினன்டை, உடம்பு அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தபோதே எழுப்பி நிற்க வைத்து, விரிப்பை உருவிக்கொண்டு போனவள் அவள். அந்த லெப்டினன்ட் பிற்பாடு ஜெனரல் ஆனார் என்று ஊரில் சொல்வார்கள். புரூலிடம் கேட்டால், ஆகட்டும், பூட்ஸைக் கழற்றப் பழகியிருந்தால் சரி என்பாள்.

மேல்பள்ளத்தாக்கிலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தவன் கெரிம்பெக். ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் டிரைவர். அப்போதெல்லாம் முப்பது கட்டிலும் நிறைந்து, நடையிலும் கட்டில் போட்டிருப்பார்கள். பிறகு பழைய பெரிய நாடு உடைந்து, இது தனி நாடானது. முகாமில் சிப்பாய்கள் குறைந்தார்கள், நிலக்கரி குறைந்தது, ஒரு குளிர்காலத்தில் அடுப்புக்கு ஒரு கூடை கரிகூட இல்லை என்று ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டார்கள். பனி உருகியதும் திறந்துகொள்ளலாம் என்றார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் கெரிம்பெக்குக்குக் குடல்வால் வீங்கியது. அடுத்த ஆஸ்பத்திரி கணவாய்க்கு அந்தப் பக்கம். எத்தனையோ பேரைத் தன் வண்டியில் ஏற்றிக் கணவாயைக் கடந்தவன், அதே வண்டியில் படுத்தபடி போனான். பனி சரிந்து பாதையை மூடியிருந்தது. உச்சியைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

வசந்தத்தில் சொன்னபடியே ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். புரூல் போய்த் துணிகளைத் துவைக்க ஆரம்பித்தாள். அழுதாள், துவைத்தாள், இஸ்திரி போட்டாள். மறுகல்யாணம் பேச வந்தவர்களிடம், எனக்கு முப்பது கட்டில் இருக்கிறது, இன்னொன்று எதற்கு என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினாள்.

வயது ஏற ஏற அவளுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. கொதிகலன் ஆவி என்று சொல்லித் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். கால் வீங்கியது. ரப்பர் செருப்பின் பக்கங்களைக் கத்தரியால் வெட்டிவிட்டு, இப்போது சரியாகிவிட்டது என்றாள். தினமும் மருத்துவர்களுக்கு நடுவே நடமாடினாளே தவிர, ஒருவரிடமும் கையை நீட்டி நாடி பார்க்கச் சொன்னதில்லை. அவளைப் பொறுத்தவரை நோய் என்பது நீல அங்கி போட்டவர்களுக்கு வருவது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் அந்த இலையுதிர் காலத்தில் தலைநகரிலிருந்து குண்டு விழுந்தது. ராணுவ மருத்துவத்தைச் சீர்திருத்தப் போகிறார்களாம். கர்னல் எசென்பெக் என்பவரின் தலைமையில் ஒரு குழு ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் பார்த்துக்கொண்டு வருகிறதாம். பாதிக் கட்டிலாவது நிறையாத ஆஸ்பத்திரிக்குப் பூட்டு. கணக்கில் சேர்வது பணியில் இருக்கும் சிப்பாய்கள் மட்டும்.

தலைமை மருத்துவர் மேஜர் தலாய்பெக் இதைச் சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கத்தியைக் கையில் எடுத்தால் சிங்கம், மேலதிகாரியைக் கண்டால் ஈரக்கோழி. அப்படிப்பட்ட நல்ல மனிதர். வார்டில் அன்றைக்கு மூன்றே பேர். ஒருவனுக்குப் பொன்னுக்கு வீங்கி. ஒருவன் துப்பாக்கியைத் துடைக்கும்போது விரலை நசுக்கிக்கொண்டவன். மூன்றாமவன் கையைச் சுட்டுக்கொண்ட முகாம் சமையல்காரன்.

"ஆளு வேணும், அவ்வளவுதானே?" என்றாள் புரூல்.

மேஜர் பதறினார். போலி நோயாளி என்றால் வேலை போகும், தோள்பட்டை நட்சத்திரம் போகும் என்று அடுக்கினார்.

"நீங்க எதையும் பாக்கல, மேஜர். டையைச் சரி பண்ணிக்கிட்டு வாசல்ல நில்லுங்க. அந்தக் கணவாய் என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

மேஜரின் கை டைக்குப் போனது. அவருக்கும் தெரியும். புரூலின் முன்னால் தெரியும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

புரூல் நேரே சந்தைக்குப் போனாள். அங்கேதான் சிக்கல். இருபது வயதிலும் முப்பது வயதிலும் இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் ரஷ்யாவில் கட்டடம் கட்டிக்கொண்டும் பனி வாரிக்கொண்டும் இருந்தார்கள். ஊரில் மிச்சம் இருந்தவர்கள் வெள்ளைத் தாடிகள்தான். தாங்கள் எடுத்த அந்தக் கால ராணுவப் பயிற்சியைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்கள். ஆனால் இளம் சிப்பாய் என்று சொன்னால் சந்தை நாய்கூட நம்பாது. தாடியை மழித்துக்கொள்வீர்களா என்று ஒரே ஒருவரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் பார்த்த பார்வையில் அடுத்தவரிடம் கேட்கவில்லை.

ஆகவே பதினைந்து பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி, கட்டுப் போடுவது என்று தீர்மானித்தாள். தாடியை மறைக்கிற மாதிரி, சுருக்கத்தை மறைக்கிற மாதிரி, முகத்தைச் சுற்றிக் கட்டு. ஆஸ்பத்திரியில் இருந்த கட்டுத்துணி இரண்டு பேர் தலைக்கே சரியாகிவிட்டது. புரூல் கிடங்கைத் திறந்தாள். நூல் பிரிந்தால்கூட ஒட்டுப் போட்டுக் காப்பாற்றிய விரிப்புகளில் நல்லதாகப் பார்த்து எடுத்தாள். விளிம்பைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் பர்ரென்று கிழித்தாள். நடையில் நின்ற நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தார்களாம்.

கட்டுப் போடும்போது வேறு பஞ்சாயத்து வந்தது. யாருக்கு எந்த நோய் என்பதில் பெரியவர்களுக்குள் தகராறு. தேநீர்க்கடை ஒரோஸ்பெக்குக்கு வயிற்றுப்போக்கு என்று புரூல் சொல்லியிருந்தாள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, மம்பெதாலிக்குத் தாடை முறிவு, எனக்கு வயித்துப்போக்கா? அவனுக்கு எட்டு மாசம் மூத்தவன் நான். ஊர்ல தலை காட்ட வேண்டாமா?"

"தாடை ஒண்ணுதான் இருக்கு, ஒரோஸ்பெக் பெரியப்பா. வேணும்னா உங்களுக்கு நுரையீரல் தரேன்."

நுரையீரல் கௌரவமானதுதான் என்று இரண்டு பேர் சாட்சி சொன்ன பிறகு அவர் படுத்தார். வயிற்றுப்போக்கு கடைசியில் செருப்புத் தைக்கும் சாதிக்கின் தலையில் விழுந்தது. அவருக்குக் காது மந்தம், என்ன நோய் என்று அவருக்குக் கேட்கவில்லை.

தாடை முறிவு கிடைத்த மம்பெதாலி அந்த வட்டாரத்திலேயே பெரிய குதிரைச் சவாரிக்காரர். கல்யாணம், காரியம், குழந்தைக்குப் பெயர் வைப்பது, எதுவானாலும் விருந்து முடிந்ததும் கையேந்தி ஆசி சொல்வது அவர்தான். மார்பு வரை தொங்கும் தாடியை மடித்து உள்ளே வைத்து, மோவாயோடு சேர்த்து மண்டையைச் சுற்றி நான்கு முழம் விரிப்பைக் கட்டினாள் புரூல். மூக்கும் கண்ணும் மட்டும் தெரிந்தது.

"பெரியப்பா, உங்களுக்குத் தாடை ஒடஞ்சிருக்கு. வாயே தெறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

மம்பெதாலி தலையை ஆட்டிச் சத்தியம் செய்தார். பேச முடியாதவர் வேறெப்படிச் செய்வார்.

மறுநாள் காலை குழு வந்து இறங்கியது. கர்னல் எசென்பெக் ஒல்லியான மனிதர், நாற்பத்தைந்து இருக்கும், தலை முதல் கால் வரை நேர்மை. ஏற்கெனவே நான்கு ஆஸ்பத்திரிகளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தார். கூடவே பெண் மருத்துவர் கேப்டன் மேரிம், பிறகு ஒரு டிரைவர். கர்னல் வார்டுக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றார். வரிசையாக வெள்ளை மண்டைகள்.

"இங்க சண்டை ஏதாவது நடந்துச்சா, மேஜர்?"

மேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. "குதிரை, ஐயா. விழுந்துட்டாங்க."

"இத்தனை பேருமா?"

"ஒரே குதிரை, ஐயா."

தாடை முறிவுக் கட்டிலிலிருந்து ஒரு உறுமல் கேட்டது. பிறந்ததிலிருந்து குதிரையிலிருந்து விழாத மனிதரைப் பற்றி இப்படி ஒரு பேச்சு. புரூல் பாய்ந்து போய்த் தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் அவர் தோளை அழுத்தினாள். கர்னல் கட்டில்களை எண்ணிக்கொண்டே போனார். பாதிக்கு மேலேயே இருந்தது. அவர் முகத்தில் சந்தேகமும் இருந்தது. கேப்டன் மேரிம் ஒரோஸ்பெக்கின் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நெற்றியைச் சுருக்கி, மறுபடி வைத்துப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேஜர் சாப்பாடு தயார் என்றார்.

கர்னலுக்கு ஒரு கொள்கை உண்டு. போகிற இடத்தில் தனி விருந்து கூடாது, நோயாளிகளுக்கு என்ன போடுகிறார்களோ அதையே அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது. நல்ல கொள்கைதான். ஆனால் மலையேறி வந்த விருந்தாளிக்குக் கோதுமைக் கஞ்சியை வைக்கிறது எந்த வீட்டில் நடக்கும்? புரூல் தன் ஆடுகளில் ஒன்றை விடியலிலேயே அறுத்துவிட்டிருந்தாள். கொள்கைக்கும் பங்கம் வராமல் இருக்க, வார்டு முழுவதற்கும் அதையே போட்டாள். தினமும் நோயாளிகளுக்கு ஆட்டுக்கறியா என்று கர்னல் கேட்டார். விருந்தாளி வர்ற நாள்ல மட்டும் என்றாள் புரூல். அந்த இடத்தில் அவள் பொய் சொல்லவில்லை.

கறி மேசைக்கு வந்ததும் அவள் கட்டியிருந்த கோட்டை ஆட ஆரம்பித்தது. கறித்துண்டு ஒவ்வொன்றும் வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்பத்தான் போகும். முதல் மரியாதைக்குரிய ஆட்டின் தலையைக் கர்னல் முன்னால் வைத்தார்கள். என்னைவிடப் பெரியவர்கள் இருந்தால் என்று பழக்கத்தில் இழுத்தார். எல்லாரும் இருபது வயதுச் சிப்பாய்கள் அல்லவா, யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் மூத்தவருக்குப் போக வேண்டிய தொடையெலும்புத் தட்டு மட்டும் ஓரிடத்தில் நிற்கவே மாட்டேன் என்றது. ஒரோஸ்பெக் சாதிக்கிடம் தள்ள, சாதிக் ஒரோஸ்பெக்கிடம் தள்ள, கூட்டுப்பண்ணைக்கு முதல் டிராக்டர் வந்தபோது நீ நடந்துகொண்டிருந்தாய், நான் தவழ்ந்துகொண்டிருந்தேன் என்று சாதிக் உரக்கச் சொல்லிவிட்டார். காது மந்தமானவர்களுக்கு ரகசியம் பேசத் தெரியாது. கர்னல் மெல்லுவதை நிறுத்தினார்.

மம்பெதாலியின் நிலைமைதான் பரிதாபம். கட்டின் இடுக்கு வழியாக அவருக்கு ஸ்பூனில் ஆட்டுச்சாறு மட்டும். கறியின் வாசனை மூக்கிலேயே நின்றது. இருந்தும் பொறுத்துக்கொண்டார். சத்தியம் சத்தியம்தான்.

சாப்பாடு முடிந்தது. பேச்சு அடங்கியது. இந்த ஊரில் பெரியவர் ஒருவர் கையேந்தி ஆசி சொல்லாமல் யாரும் மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்திருக்கத் தெரியாது என்பதே சரி. கர்னலின் டிரைவர் உள்ளங்கைகளைத் திறந்து காத்திருந்தான். பொன்னுக்கு வீங்கிப் பையனும் திறந்தான். ஒவ்வொரு தலையாகத் திரும்பி, மம்பெதாலியின் அந்த வெள்ளை உருண்டைத் தலையைப் பார்த்தது. புரூல் அவர் எதிரே போய் நின்றாள். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள்.

முப்பது வருஷமாக ஒரு மேசையிலும் தவறாத கைகள் தாமாகவே மேலே எழுந்தன. மம்பெதாலி கண்ணை மூடிக்கொண்டார். கட்டுக்குள்ளிருந்து, கல்யாணப் பந்தலில் கடைசி ஆள் வரை கேட்கிற அந்தக் குரல் கணீரென்று வந்தது.

"இந்த வீட்டு அடுப்பு அணையாம இருக்கட்டும். இந்த வாசக்கதவு எந்நாளும் சாத்தாம இருக்கட்டும். படுத்து வந்தவங்க நடந்து போகட்டும். மலையேறி வந்த விருந்தாளி, நல்லது பண்ணின மனசோட மலை எறங்கட்டும். ஆமீன்."

"ஆமீன்" என்றார்கள் எல்லாரும். எல்லாரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். கர்னல் எசென்பெக்கும் சொன்னார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார், நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை அவர். முகத்தைத் தடவிய கை மோவாய்க்கு வந்தபோதுதான் அங்கேயே நின்றது.

"சிப்பாய் மம்பெதாலி," என்றார் மெதுவாக, கட்டில் அட்டையில் பார்த்த பெயரை நினைவில் எடுத்து. "உங்க தாடை எப்ப ஒடஞ்சுது?"

மம்பெதாலி புரூலைப் பார்த்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. "நேத்துத்தான், தம்பி. சாப்பிட்டதும் கூடிருச்சு."

டிரைவர் மட்டும் சிரித்தான். அப்புறம் அவனும் நிறுத்திக்கொண்டான். மேஜர் எழுந்து, எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று ஆரம்பித்தார். உட்காருங்க மேஜர் என்று புரூல் முன்னால் வந்தாள். தலைத்துணியை இழுத்து இறுக்கினாள்.

"பண்ணினது நான். கட்டு அவுத்துப் பாருங்க, அத்தனையும் என் விரிப்பு. இந்த ஆஸ்பத்திரிய ஒரு குளிர்காலம் பூட்டினாங்க, ஐயா. அந்தக் குளிர்காலத்துல என் வீட்டுக்காரர் கணவாயில செத்தார். வயித்து வலிக்குச் செத்தார். ஒரு சின்ன ஆபரேஷன், நம்ம மேஜர் கால் மணி நேரத்துல பண்ணிடுவார். நீங்க பூட்டிட்டுப் போயிருவீங்க. பனி வரும். அப்புறம் யாரோட முறை?"

கர்னல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவு சாத்தாம இருக்கட்டும்னு சொன்னார் இல்ல?" என்றார்.

"சொன்னார், ஐயா. நீங்க ஆமீன் சொன்னீங்க. நானும் கேட்டேன்" என்றான் டிரைவர். தலைநகருக்குத் திரும்பும் வழியெல்லாம் கர்னல் இவனுடன்தான் போக வேண்டும்.

கர்னல் எழுந்தார். சட்டப் புத்தகத்தில் ஆமீனுக்கு என்று பக்கம் எதுவும் இல்லை, பொய்க் கணக்கில் தன் கையெழுத்தும் விழாது என்றார். புரூலின் கண் இருண்டது. அவர் அதோடு நிறுத்தவில்லை. இங்கே நோயாளிகள் இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் வந்தேன், இன்னும் பார்க்கவில்லை என்றார். எல்லாக் கட்டையும் அவிழ்த்து, ஒவ்வொருவரையும் நிஜமாகவே பரிசோதிக்கும்படி கேப்டன் மேரிமுக்கு உத்தரவு போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சந்தையில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கௌரவத்துக்காக நுரையீரல் வாங்கிக்கொண்ட ஒரோஸ்பெக்குக்கு நிஜமாகவே நுரையீரலில் சளி கட்டியிருந்தது. முன்பு மேரிம் நெற்றியைச் சுருக்கியது அதனால்தான். வயிற்றுப்போக்குக்காரர் சாதிக்கின் வயிற்றில் புண். இரண்டு பேருக்கு ஒன்றுமே இல்லை. அவர்கள் முகம் தொங்கிப்போய், இன்னொரு தரம் நன்றாகப் பார்க்கச் சொல்லிக் கேட்டார்கள். மம்பெதாலியின் தாடை கருங்கல் மாதிரி இருந்தது. ஆனால் அவர் மார்பில் வைத்த குழாயை மேரிம் எடுக்கவில்லை. மூன்று அடி அடித்துவிட்டு ஒரு அடியை விழுங்கிக்கொண்டிருந்தது இதயம்.

"இவ்வளவு நாளா இங்க வந்து காட்டலையா, தாத்தா?"

"இது சிப்பாய்ங்க ஆஸ்பத்திரி, தாயி. எங்களை யாரு கூப்பிட்டா? நேத்துத்தான் புரூல் கூப்பிட்டா."

கர்னல் ஜன்னல் ஓரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் காலிக் கட்டில்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் முழுக்க நோய். நடுவில் ஒரு காவலாளியும் ஒரு விதியும். இதற்குப் பூட்டுப் போடுவதா சீர்திருத்தம் என்று அவர் தனக்குத்தானே கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து மேஜரைக் கூப்பிட்டு, பாதிக் கட்டில் முகாமுக்கு, பாதி ஊருக்கு, என்றார். குழுத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆஸ்பத்திரியையும் மூட முடியாது, இந்த இடத்தை மூட அது கிடைக்காது என்றும் சொன்னார். மேஜர் டையைத் தளர்த்தினார். கர்னலின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

புரூல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் தலை சுற்றுகிறது என்று நினைத்தாள். மேரிம் அவளுடைய செருப்பின் வெட்டுகளைப் பார்த்தாள், இறுக்கிய தலைத்துணியைப் பார்த்தாள். வந்து கையைப் பிடித்து ரத்த அழுத்தம் பார்த்தாள். கருவி கெட்டுவிட்டதோ என்று அடுத்த கையிலும் பார்த்தாள்.

"அக்கா, நீங்க நிக்கவே கூடாது. இப்பவே படுக்கணும்."

"கொதிகலன் ஆவிம்மா. தேநீர் குடிச்சா சரியாயிரும்."

"இத்தனை வருஷமாவா ஆவி?"

"நான் படுத்தா விரிப்பை யாரு தொவைக்கிறது?"

மேஜர் முதல் தடவையாக அவளிடம் குரலை உயர்த்தினார். படுங்க என்றார், அது உத்தரவு என்றார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. நர்ஸுகள் ஜன்னலோரக் கட்டிலுக்கு அவளை அழைத்துப் போனார்கள். அவள் விளிம்பில் உட்கார்ந்து, முணுமுணுத்துக்கொண்டே காலைத் தூக்கினாள்.

"செருப்பைக் கழட்டு," என்றார் பக்கத்துக் கட்டிலிலிருந்து மம்பெதாலி. தாடியை வெளியே எடுத்து மார்பில் பரப்பிக்கொண்டு மன்னர் மாதிரி சாய்ந்திருந்தார். "சர்க்கார் விரிப்பு."

வார்டு முழுவதும் சிரித்தது. புரூல் கழற்றினாள். கழற்றிவிட்டுப் படுத்தாள். தன் கையால் துவைத்து, தன் கையால் இஸ்திரி போட்ட விரிப்பில் அவள் அதுவரை ஒருநாளும் படுத்ததில்லை. மொடமொடப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. முதுகுக்கடியில் ஒரு ஒட்டுத் தையல் உறுத்தியது. அதை அவளே தைத்திருந்தாள், கெரிம்பெக் இறந்த வருஷத்தில்.

கிளம்பும்போது கர்னல் வாசலில் நின்று விடைபெற்றார். மம்பெதாலி படுத்தபடியே உள்ளங்கைகளைத் திறக்கப் போனார். கர்னல் அவசரமாகக் கையைக் காட்டித் தடுத்தார்.

"போதும், பெரியவரே. முன்ன சொன்ன ஆசியை நான் முதல்ல அறிக்கையில எழுதி முடிச்சுடறேன்."

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. புரூல் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். தூரத்தில் கணவாயின் மேல் பனி விழ ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு வருஷமும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காட்சி அது. இத்தனை வருஷங்களில் முதல் தடவையாக அதைப் பார்த்துக்கொண்டே கண் அசந்தாள். இந்த வருஷம் கணவாய் தன் இஷ்டத்துக்கு மூடிக்கொள்ளட்டும்.